பெருநாள் ஆடும் ஒரு சட்டிச் சோறும்



நம்மில் பாபத் கழுவாத கை எது? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் வெந்நீரும் சுண்ணாம்பும் கத்தியுமாகக் குசினி வாசலில் குந்தியிருந்து, அந்தக் கறுப்புத் தோலைச் சுரண்டிச் சுரண்டி முதுகு முறிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். பிட்டும் பாபத்தும் தட்டுக்கு வரும்போதுதான் அந்த நோவு மறக்கும்.

கழுவும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பகுதி துவாய் போலச் சொரசொரப்பாக இருக்கும். இன்னொரு பகுதி தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். மூன்றாவது பகுதி, புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். கடைசிப் பகுதி வழுவழுப்பானது. அந்தத் துவாய் சில நேரம் தடித்த இழையோடும், சில நேரம் தேய்ந்த பழந்துவாயாய் மொட்டையாகவும் வருகிறதே, ஏன் என்று யோசித்தீர்களா? இருபது வருடமாகக் கழுவிய நானும் யோசித்ததில்லை. ஓர் ஆடு என் கையால் செத்த பிறகுதான் யோசித்தேன். அந்தக் கதையை உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. என்றாலும் உங்கள் வீட்டிலும் அப்படி நடந்துவிடக் கூடாதல்லவா?

*மன்னாரிலிருந்து வந்த ஆடு*

2017ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் செப்டெம்பர் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு இறுதியில் வர வேண்டிய மாரி மழை பொய்த்துப் போயிருந்தது. வடக்கிலும் கிழக்கிலும் புத்தளத்திலும் குளங்கள் வெடித்துக் கிடந்தன. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் எனக்கு அது பத்திரிகைச் செய்தியாக மட்டுமே தெரிந்தது.

என் நானா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். பழைய வீடு. பின்னால் சின்ன முற்றமும் அதில் ஒரு முருங்கை மரமும் உண்டு. குர்பானுக்கு அவர் ஓர் ஆடு வாங்கினார். மன்னார்ப் பக்கத்திலிருந்து லொறியில் வந்த ஆடுகளில் ஒன்று. "நம்மட ஊர் ஆடு தங்கச்சி, மெலிவுதான், ஆனா எலும்பு உறுதி" என்று போனில் சந்தோஷமாகச் சொன்னார். எங்கள் ஊர் எருக்கலம்பிட்டி. மன்னார்த் தீவில் இருக்கிறது. அந்த மண்ணிலிருந்து ஓர் ஆடு வந்தால்கூட உறவுக்காரர் வந்தது போலத்தான் எங்களுக்கு.

பாடசாலை விடுமுறை. என் பிள்ளைகள் இருவரும் மாமா வீட்டுக்குப் போக அடம்பிடித்தார்கள். நானும் போனேன். மண்ணிற ஆடு. தொங்கும் காது. விலா எலும்பை எண்ணலாம். ஒன்பது வயதான என் மகள் அதைப் பார்த்ததுமே, "உம்மா, இது பசியில இருக்கு" என்றாள். நானாவும் மதினியும் பலாயிலைக் கட்டு வாங்கிப் போட்டிருந்தார்கள். அது அதைக் கொஞ்சம்தான் கடித்தது. முற்றத்தில் காய்ந்து கிடந்த சருகையும், ஒரு கடதாசிப் பெட்டியின் ஓரத்தையும்தான் ஆசையாய்த் தின்றது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். மஞ்சள் சோறு மீந்துவிட்டது. சகோதரிகளே, சொன்னது நான்தான். "மகள், இந்தச் சட்டிச் சோத்தை ஆட்டுக்குக் கொண்டு போய் வை. பாவம், பெருநாள் வரைக்கும் நல்லாத் தின்னட்டும்." அவள் ஓடினாள். ஆடு முதலில் முகர்ந்து பார்த்தது. பிறகு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் நக்கித் தின்றது. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாலையில் அவளும் மச்சான் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு முழுப் பாணையும் பிய்த்துப் பிய்த்து ஊட்டிவிட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை ஆடு எழும்பவில்லை. இடது பக்கம் பானை போல வீங்கியிருந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. கழிந்திருந்தது. அதில் புளித்த மா வாடை அடித்தது. நானாவோடு இருந்த எங்கள் உம்மம்மாவுக்கு அப்போது எண்பத்தைந்து வயது. கண் மங்கல். சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தவர், ஆட்டின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"என்ன குடுத்தீங்க?"

"சோறு" என்றேன்.

"காஞ்ச வயித்துக்குள்ள சோத்தைப் போட்டா அது தாங்குமா புள்ள? கோடை ஆட்டுக்குக் கோடைத் தீன்தான். மாரி வந்தபிறகு மெல்ல மெல்லத்தான் மாத்த வேணும்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நண்பகலில் ஒரு மிருக வைத்தியர் வந்தார். குழாய் போட்டு ஏதோ மருந்து கரைத்து ஊற்றினார். பிந்திவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் ஊற்றினார். ஞாயிறு சுபஹுக்கு முன்பே ஆடு மௌத்தாகிவிட்டது. நானா ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாளுக்கு வேறொரு கூட்டத்தோடு மாட்டில் ஒரு பங்கு சேர்ந்துகொண்டார்.

அன்று முழுக்க என் மகள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "சோறு நல்லதுதானே உம்மா? நாம தின்னுறதுதானே?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த மிருக வைத்தியரிடம் பிறகு போய்க் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். உம்மம்மாவிடமும் கேட்டேன். அதற்குப் பின் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். விளங்கியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

*ஆடு தனியாகச் சாப்பிடுவதில்லை*

முதலில் அந்தத் துவாய்ப் பகுதிக்கு வருவோம். ஆடு, மாடு, செம்மறி ஆகியவற்றின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. துவாய் போன்றது முதல் அறை. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பெரிய பசுவொன்றில் அது 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். தேன்கூடு போன்றது இரண்டாவது. ஏடு ஏடாக இருப்பது மூன்றாவது. வழுவழுப்பான நான்காவதுதான் நமது இரைப்பையைப் போன்ற உண்மையான இரைப்பை.

புல்லிலும் வைக்கோலிலும் இருக்கும் நாரை எந்த ஆட்டின் உடலும் தானாகச் சமிக்க முடியாது. மனிதனாலும் முடியாது. அதைச் சமிப்பவை அந்த முதல் அறைக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அங்குள்ள நீரில் ஒரு மில்லிலீற்றர் எடுத்தால் அதில் ஆயிரம் கோடி வரை பக்டீரியாக்கள் இருக்கும். அவற்றைவிடப் பெரிய நுண்ணுயிர்களும், ஒரு வகைப் பூஞ்சணங்களும் கூட உண்டு. இவை நாரை உடைத்துப் புளிக்கவைத்து ஒருவகை மென்மையான அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்களைத் துவாயின் இழைகள் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. ஆட்டுக்கு உடல் வலிமை பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.

அது மட்டுமல்ல. அந்தப் பக்டீரியாக்கள் பெருகிப் பெருகி, தீனோடு சேர்ந்து நான்காவது அறைக்கு வருகின்றன. அங்கே ஆடு அவற்றையே சமித்துவிடுகிறது. ஆட்டுக்குக் கிடைக்கும் புரதத்தில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. ஆக ஆடு தீன் போடுவது தனக்கு என்பதைவிடத் தன் வயிற்றிலுள்ள கூட்டத்துக்கு என்பதே சரி. கூட்டம் தின்ற மிச்சத்தையும் கூட்டத்தையுமே ஆடு தின்கிறது. பெரிய குடும்பத்துக்கு ஆக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் உம்மாமாருக்கு இது புதிதல்ல!

குட்டி பிறக்கும்போது அதன் வயிற்றில் இந்தக் கூட்டம் இல்லை. தாய் நக்கிக் கொடுப்பதிலிருந்தும், தாய் மேய்ந்த இடத்தில் மேய்வதிலிருந்தும்தான் அது மெல்ல மெல்லக் குடியேறுகிறது.

*கோடை வந்தால் என்ன நடக்கிறது?*

மன்னாரில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடை மழை. அது நின்று சித்திரை மழையும் போனால், மே முதல் செப்டெம்பர் வரை காற்றும் வெயிலும்தான். பச்சைப் புல் கருகிவிடும். மிஞ்சுவது காய்ந்த தாள், வைக்கோல், சருகு, முள்மரங்களின் இலை, உதிர்ந்த காய். உடை மரத்தின் கீழே ஆடுகள் கூடி நின்று உதிர்ந்த காய்களைப் பொறுக்குவதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

இந்தக் காய்ந்த தீனில் நார் அதிகம், புரதம் மிகக் குறைவு. வைக்கோலில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில்தான் புரதச் சத்து. வயிற்றிலுள்ள கூட்டம் நன்றாக வேலை செய்ய ஏழு பங்கேனும் வேண்டும். அப்படியானால் எப்படிப் பிழைக்கிறது?

முதலாவது, காத்திருக்கிறது. மாரிக் காலத்துப் பச்சைப் புல் வயிற்றை விட்டு விரைவில் கடந்துவிடும். கோடைத் தீன் அப்படியல்ல. சிறு துகளாக அரைபட்டால்தான் அடுத்த அறையின் வாசலைத் தாண்டும். ஆகவே நாட்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆடு அதைத் திரும்பத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். அவ்வளவு நேரம் கிடைப்பதால்தான் பக்டீரியாக்கள் வலிய நாரையும் உடைக்கின்றன. இதற்கு ஈடாக ஆடு குறைவாகத்தான் தின்ன முடியும். உள்ளது வெளியேறினால்தானே புதியதற்கு இடம்?

இரண்டாவது, வீணாக்குவதில்லை. உடலில் புரதம் கழிந்தால் யூரியா என்ற பொருள் உண்டாகிறது. நாம் அதைச் சிறுநீரில் விட்டுவிடுகிறோம். நல்ல தீன் கிடைக்கும் மாரியில் ஆடும் அப்படித்தான் செய்கிறது. கோடையில் அதன் சிறுநீரகம் யூரியாவைப் போக விடாமல் பிடித்துக்கொள்கிறது. அது எச்சில் வழியாகவும், முதல் அறையின் சுவர் வழியாகவும் மீண்டும் வயிற்றுக்குள்ளே போகிறது. அங்கே பக்டீரியாக்கள் அதை எடுத்துத் தங்கள் உடலாக்குகின்றன. அது திரும்பவும் ஆட்டுக்குப் புரதமாகிறது. கழிவு என்று கொட்ட வேண்டியது உணவாகத் திரும்பி வருகிறது. சோறு வடித்த கஞ்சியை வீசாத வீடு போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்துக்கும் இந்தத் திறமை மிக உண்டு. அதன் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்புத்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டகத்தின் படைப்பைப் பார்க்கும்படி குர்ஆனின் 88ஆம் அத்தியாயம் நம்மை அழைப்பதை இப்போது ஓதும்போதெல்லாம் இந்த யூரியாவும் என் நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது, தண்ணீர். வரண்ட நிலத்து ஆட்டின் புழுக்கை கல்லுப் போல இருக்கும். சிறுநீர் சொற்பம். அரபுப் பாலைகளில் பெதூயின் மக்கள் வளர்க்கும் கறுப்பு ஆடுகளைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். அவை இரண்டு முதல் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் கிணற்றடிக்கு வரும். வந்தால், வற்றிப்போன தம் உடல் நிறையில் மூன்றிலொரு பங்குக்கும் மேலான தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிடும். வேறு மிருகமானால் இரத்தம் நீர்த்து ஆபத்தாகிவிடும். இந்த ஆட்டுக்கு அந்தத் தண்ணீர் முதல் அறையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடலில் சேர்கிறது. வயிறே அதற்குத் தண்ணீர்த் தாங்கி. தீன் குறையும்போது இந்த ஆடுகள் உடலின் செலவையும் குறைத்துக்கொள்கின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். வரவு குறைந்தால் செலவைக் குறைப்பதை நமக்கு யார் கற்றுத்தர வேண்டும்?

நான்காவதுதான் என் துவாய். நல்ல தீன் கிடைக்கும் காலத்தில் முதல் அறையின் இழைகள் நீண்டு தடித்து வளர்கின்றன. உறிஞ்ச வேண்டியது அதிகம் அல்லவா? கோடையில் அவை குறுகிச் சிறுத்துவிடுகின்றன. வேலையில்லாத இடத்தில் வீண் செலவு எதற்கு? மீண்டும் வளர வாரக்கணக்கில் ஆகும். உம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கோடை ஆட்டுட குடல் மொட்டையாத்தான் இருக்கும். கழுவுறதுக்கு லேசு. இதுக்கா இவ்வளவு படிச்சாய்?"

*அந்த ஒரு சட்டிச் சோறு*

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன். மன்னாரிலிருந்து வந்த ஆட்டின் வயிற்றில் இருந்தது கோடைக் கூட்டம். நாரைத் தின்னும் பக்டீரியாக்கள் பெருகி, மாவைத் தின்பவை ஒதுங்கியிருந்தன. துவாயின் இழைகள் குறுகியிருந்தன. அந்த நேரத்தில் அவித்த சோறும் பாணும் ஒரே நாளில் போய் விழுந்தன. மாவைத் தின்னும் சில பக்டீரியாக்கள் மணித்தியாலக் கணக்கில் பல்கிப் பெருகிவிட்டன. தயிரைப் புளிக்கவைக்கும் அதே வகை அமிலத்தை அவை கக்கின. குறுகிய இழைகளால் வந்து குவிந்ததை உறிஞ்சித் தீர்க்க முடியவில்லை. புளிப்பு ஏற ஏற நாரைத் தின்னும் கூட்டம் மாண்டது. உடலிலுள்ள தண்ணீர் வயிற்றுக்குள் இழுபட்டது. அதுதான் அந்த வீக்கமும் புளித்த வாடையும் பல் கடிப்பும்.

தீன் மாறினால் வயிறும் மாறும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று கிழமை தேவை. நான் அதற்கு ஒரு பகல்கூடக் கொடுக்கவில்லை.

மகளிடம் சொன்னேன்: "சோறு நல்லதுதான். அந்த ஆட்டுக்கு அன்றைக்கு அது நல்லதல்ல. அது தெரியாமல் சொன்னது நான், நீ இல்லை." அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "உம்மம்மாட உம்மாக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பூட்டியை அவள் அப்படித்தான் அழைப்பாள்.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்ல நா எழவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

*1990 ஒக்டோபர்*

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்தோம். உம்மம்மாவிடம் பதினெட்டு ஆடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கடற்கரைக்குப் போகுமுன் பட்டிப் படலையைத் திறந்துவிட்டு, "பிழைச்சுக் கொள்ளுங்க" என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடற்கரையில் காத்திருந்தும் கடலில் மிதந்தும் நாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. கற்பிட்டியில் இறங்கியபோது அந்த ஊர்ச் சனம் சோறும் கறியுமாக ஓடி வந்தது. அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்யட்டும். பிள்ளைகள் நாங்கள் பாய்ந்தோம். உம்மம்மா எங்கள் கையைத் தட்டிவிட்டார். யாரிடமோ சோறு வடித்த கஞ்சி கேட்டு வாங்கி, ஒரு கல் உப்புப் போட்டு, ஒவ்வொருவருக்கும் மூன்று வாய் மட்டும் தந்தார். நாங்கள் அழுதோம். அவரை ஏசினோம். ஒரு மணித்தியாலம் கழித்து இன்னும் மூன்று வாய். இரவுக்குத்தான் சோறு. அவசரமாகத் தின்ற வேறு பிள்ளைகள் அன்றிரவு வாந்தியெடுத்துக் கிடந்தார்கள்.

அவருக்கு அது எங்கிருந்து தெரியும் என்று நான் அப்போது கேட்கவில்லை. பதினெட்டு ஆடுகளைக் கோடையும் மாரியுமாகக் காத்த கைக்கு, காய்ந்த வயிறு எப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தது. மனித வயிறும் ஆட்டு வயிறும் ஒன்றல்ல. ஆனால் பட்டினியிலிருந்து நிறைவுக்குப் போகும் பாதையை ஒரே நாளில் ஓடக் கூடாது என்பது இரண்டுக்கும் பொருந்தும். நோன்பு திறக்கையில் ஒரு பேரீச்சம்பழமும் கஞ்சியும் முதலில் என்று வைத்திருக்கிறோமே, அதிலும் அந்த அறிவு இருக்கிறது.

*ஆட்டின் ஊர் அதன் வயிற்றில்*

வாசித்தவற்றில் ஒன்று என்னை மிகவும் தொட்டது. நம் நாட்டில் தென்னந்தோட்ட வேலிகளில் நிற்கும் இப்பில் இப்பில் மரத்தை உங்களுக்குத் தெரியும். கோடையிலும் பச்சையாய் நிற்பது. சத்துள்ள இலை. ஆனால் அதில் ஒரு நச்சுப் பொருள் உண்டு. அவுஸ்திரேலியாவில் அதை அதிகம் தின்ற மாடுகளுக்கு உரோமம் கொட்டியது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதே இலையை வயிறு நிறையத் தின்று சுகமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற அவுஸ்திரேலிய விஞ்ஞானி, வேறுபாடு ஆட்டில் இல்லை, அதன் வயிற்றிலுள்ள பக்டீரியாவில் இருக்கிறது என்று ஊகித்தார். 1980களில் ஹவாய் ஆட்டின் வயிற்று நீரிலிருந்து அந்தப் பக்டீரியாக்களைக் கொண்டுவந்து அவுஸ்திரேலிய ஆடுகளுக்கும் மாடுகளுக்கும் கொடுத்தார்கள். அவையும் இலையைத் தாங்கத் தொடங்கின. மந்தையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அது தானாகவே பரவியது. 1992இல் அந்தப் பக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள்.

ஓர் ஆட்டை அதன் ஊரிலிருந்து அவிழ்த்து வரலாம். அதன் ஊர் அதன் வயிற்றுக்குள் கூடவே வருகிறது. புது ஊருக்கு அது பழகக் காலம் கொடுக்க வேண்டும். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்த எங்களுக்கு இது நன்றாக விளங்கும்.

மாடு வளர்க்கும் சகோதரிகளுக்கு இன்னொரு செய்தி. வைக்கோல் ஒன்றே கதியான பகுதிகளுக்காக 1980களில் நம் நாட்டில் வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் என்று ஒன்று நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எம்.என்.எம். இப்ராஹிமும் ஒல்லாந்தரான ஷீரேயும் சேர்ந்து அதன் அனுபவங்களை 1989இல் நூலாக வெளியிட்டார்கள். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் ஒரு கிழமைக்கு மேல் மூடி வைத்தால், யூரியாவிலிருந்து வரும் அமோனியா நாரை இளக்குகிறது, பக்டீரியாவுக்கும் உணவாகிறது. ஆடு கோடையில் தன் உடலுக்குள்ளே செய்வதைத்தான் இது வெளியே செய்கிறது. ஆனால் எச்சரிக்கை! யூரியாவை அப்படியே தின்றால் மிருகம் செத்துவிடும். கால்நடை உத்தியோகத்தரிடம் நேரில் கற்றுக்கொள்ளாமல் யாரும் கை வைக்க வேண்டாம்.

*உங்கள் வீட்டுக்கு ஆடு வந்தால்*

கொழும்பில் நம் வீடுகளுக்கு வரும் ஆடு பெரும்பாலும் வரண்ட பகுதியிலிருந்துதான் வருகிறது. ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்.

வாங்கும்போதே விற்பவரிடம், "இது இதுவரை என்ன தின்றது?" என்று கேளுங்கள். முதல் நாட்களில் அதையே கொடுங்கள். காய்ந்த புல், வைக்கோல், பழகிய குழை என்று எதுவாயினும் சரி.

பலாயிலை நல்லது. அதையும் முதல் நாள் கொஞ்சம், மறுநாள் கொஞ்சம் கூட என்று பழக்குங்கள்.

சோறு, பாண், பிரியாணி மிச்சம், கேக், இடியப்பம் எதுவும் வேண்டாம். பெருநாளுக்கு ஒரு கிழமையே இருக்கிறதென்றால், கொழுக்க வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஒரு கிழமையில் ஆடு கொழுக்காது. நோய்தான் வரும்.

சுத்தமான தண்ணீர் எப்போதும் அருகில் இருக்கட்டும்.

பொலித்தீன் பைகளைக் கிட்டவும் வைக்காதீர்கள். கடதாசியிலுள்ள நாரையாவது அந்தக் கூட்டம் உடைக்கும். பொலித்தீனை எந்தப் பக்டீரியாவும் அங்கே உடைக்காது. அது வெளியேறாமல் முதல் அறையிலேயே தங்கிவிடும்.

இடது பக்கம் வீங்கினால், அசைபோடுவது நின்றால், பல்லைக் கடித்தால் உடனே தீனை நிறுத்தி மிருக வைத்தியரை அழையுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நாளை பிந்திவிடும்.

பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்களுடைய அன்பைத் தடுக்காதீர்கள். ஆட்டுக்கு எது அன்பு என்று சொல்லிக் கொடுங்கள்.

உம்மம்மா 2019இல் எங்களை விட்டுப் போனார். போர் 2009இல் முடிந்த பின்னர் ஊருக்குப் போய் வரும் பாதை திறந்துவிட்டது. சென்ற கோடையில் மகளோடு எருக்கலம்பிட்டிக்குப் போனேன். எங்கள் பழைய வளவுக்குப் பக்கத்தில் மாமி ஒருவர் ஆடு வளர்க்கிறார். மெலிந்த ஆடுகள். உடை மரத்தடியில் நின்று காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தன. மகளின் கையில் பயணத்துக்கென்று கட்டிய பாண் பொட்டலம் இருந்தது. ஒரு குட்டி வந்து அதை முகர்ந்தது. அவள் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, மண்ணில் உதிர்ந்து கிடந்த ஒரு காயை எடுத்து, மண்ணைத் துடைத்து, அதன் வாயருகே நீட்டினாள்.